ஆயுத பூஜைக்கு மறுநாள் நைட்ரஜன் தேடியது

டிராக்டருக்கு எதற்கய்யா முன்பக்க சஸ்பென்ஷன் என்று என்னிடம் கேட்காதவர்கள் பெங்களூரில் குறைவு. கேட்டவர்களில் எங்கள் டைரக்டரும் ஒருவர். அப்படி ஒரு டிராக்டரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவரே அவர்தான்.

எங்கள் பணிமனை பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை ஒட்டி இருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். தலைக்கு மேல் பாலம் இன்னும் வரவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி வண்டிகள் எல்லாம் எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும். நான் அங்கே சர்வீஸ் மேனேஜர். எந்த வேலைக்கும் ஒரு முறை உண்டு, முறைக்கு ஒரு வரிசை உண்டு, வரிசையை மாற்றினால் விரல் போகும் என்று சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவன். என் முதுகுக்குப் பின்னால் சொல்லப்பட்ட பெயரும் எனக்குத் தெரியும். அது இங்கே வேண்டாம்.

அந்த டிராக்டரின் முன் அச்சுக்கு மேலே, பந்து போல இரண்டு இரும்புக் குடுவைகள் இருக்கும். அக்யுமுலேட்டர் என்று பெயர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒரு புறம் எண்ணெய், மறுபுறம் அழுத்தி அடைத்த நைட்ரஜன். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அதிர்வை வாங்கிக்கொள்ளும் வில் அந்த நைட்ரஜன்தான். அது கசிந்து போனால் வில் இல்லை. எங்கள் டிராக்டர் துறைமுகத்தில் சில மாதம், கொட்டகையில் சில மாதம் சும்மா நின்றதில் கசிந்து போயிருந்தது. ஆனேக்கல் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்தார். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏன்ரீ இது, எத்தின காடியா?" என்றார். மாட்டு வண்டியா என்று கேட்கிறார். விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கு வருகிறேன், சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஊரில் வேறு டிராக்டரே இல்லையா என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைக் கேட்டு முகம் வெளுத்தவர் எங்கள் விற்பனை அலுவலர். திருப்பத்தூர் பையன், டை கட்டியவர். ஒரு டிராக்டராவது விற்றால்தான் வேலை நிரந்தரம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று ஸ்ரீராம்புரத்தில் பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். அவர் மாநகராட்சியில் பல வருடம் நாள்கூலியாக இருந்து, பிறகு நிரந்தரமானவர். கடவுளுக்கு அடுத்தபடியாக அவர் மதித்த சொல் பர்மனென்ட். ஆக, ஒரு கல்யாணம் அந்த இரண்டு குடுவைகளில் இருந்தது.

வாயு நிரப்பும் கருவி புனாவிலிருந்து வர வேண்டியிருந்தது. ஆயுத பூஜை அன்று காலையில் வந்தது. பார்சலைப் பிரித்த கையோடு ஃபோர்மேன் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் உட்கார வைத்துவிட்டார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். அவருக்கும் முறை உண்டு, வரிசை உண்டு.

விஜயதசமி காலை கற்பூரம் காட்டினார்கள். கருவியைக் கையில் வாங்கிக்கொண்டு, "நைட்ரஜன் சிலிண்டரைக் கொண்டு வாங்க" என்றேன்.

யாரும் நகரவில்லை.

ஆயுத பூஜைக்குப் பணிமனையைக் கழுவிப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். அந்த வருடம் ஃபோர்மேனுக்குப் பெரிய டின்னாக வெள்ளிப் பெயிண்ட் மலிவாகக் கிடைத்திருந்தது. இரும்பைக் கவ்வும் பட்டறை வைஸ் வெள்ளி. கம்ப்ரஸர் வெள்ளி. சிவப்பாக இருக்க வேண்டிய தீயணைப்பான் வெள்ளி. சுவரோரம் மாலை போட்டு மாப்பிள்ளைகள் மாதிரி மூன்று சிலிண்டர்கள் நின்றன, மூன்றும் வெள்ளி. ஒன்று வெட்டுவதற்கான ஆக்சிஜன், ஒன்று அலுமினிய வெல்டிங்குக்கான ஆர்கான், ஒன்று நைட்ரஜன். நான்காவதான அசிட்டிலீன் சிலிண்டர் மட்டும் குட்டை என்பதால் அடையாளம் தப்பித்தது. தோளில் பொறித்த எழுத்துகள் பல பூஜைகளின் பெயிண்டில் முழுகிப் போயிருந்தன.

"எது எதுன்னு எப்படிய்யா தெரியும்?" என்றேன்.

"ஒரே மாதிரி இருந்தாத்தானே சார் பாக்க லட்சணமா இருக்கும்" என்றார் ஃபோர்மேன்.

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கலர் எதுக்கு வெச்சிருக்கான்?"

"நாங்க எடத்த வெச்சு கண்டுபிடிப்போம் சார். லெஃப்ட்ல இருக்கறது ஆக்சிஜன்."

"அப்ப லெஃப்ட்ல இருக்கறது ஆக்சிஜனா?"

"பூஜைக்கு எடம் மாத்திட்டோமே சார்."

எண்ணெய் உள்ள குடுவையில் தவறி ஆக்சிஜனை அழுத்தி அடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொன்னேன். டிராக்டரின் முன் பாதி மடிவாளாவிலும் பின் பாதி இங்கேயும் இருக்கும் என்றேன். அடையாளம் தெரியாத சிலிண்டரைத் தொடாமல் விற்றவனுக்கே திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் முறை. விற்றவன் கடையைப் பூட்டி, பூட்டுக்கும் குங்குமம் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தான்.

விற்பனை அலுவலர் கழுத்திலிருந்த டையைப் பிடித்துக்கொண்டு, "சார், மத்தியானம் வந்துடுவார் சார்" என்றார்.

"ஊதுபத்திய வாயில காட்டிப் பாக்கலாமா சார்? ஆக்சிஜன்னா எரியும்" என்றார் ஃபோர்மேன், ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டே.

பள்ளிக்கூடத்து ரசாயனம் ஒரு காலத்தில் உதவும் என்று நான் நம்பியதில்லை. ஆனால் ஆக்சிஜன் சிலிண்டரின் வாயில் நெருப்பைக் காட்டும் யோசனையை முறைப்படுத்தியாக வேண்டும். எண்ணெய்க் கை ஆக்சிஜன் பக்கம் போகக் கூடாது என்று எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன். மூன்று தண்ணீர் பாட்டில்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினேன். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் குழாய் வைத்து மெதுவாகப் பாட்டிலை நிரப்பி, மூடி, முற்றத்தின் அந்தக் கோடிக்கு எடுத்துப் போனோம். ஊதுபத்தி அங்கே காத்திருந்தது.

முதல் பாட்டிலில் கங்கு அணைந்தது. இரண்டாவதில் குபீரென்று பற்றி எரிந்தது. கூட்டம் கை தட்டியது. ஃபோர்மேன் அதைத் தீபாராதனை மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்றாவதிலும் அணைந்தது.

"ரெண்டு நைட்ரஜன் சார்! எக்ஸ்ட்ராவா ஒண்ணு வந்திருக்கு!" என்றார் ஃபோர்மேன்.

"ஒண்ணு ஆர்கான்யா. அதுலயும் அணையத்தான் செய்யும்."

"ஆர்கான் போட்டா வெடிக்குமா சார்?"

"வெடிக்காது."

"அப்ப போட்டுடலாமே."

"புத்தகத்துல நைட்ரஜன்னு போட்டிருக்கு."

அந்த நிமிடத்தில் பணிமனை மொத்தமும் என்னைப் பார்த்த பார்வையை வருணிக்க மாட்டேன். விற்பனை அலுவலர் கும்பிட்டார். ஆர்கான் காற்றைவிடக் கனம், நைட்ரஜன் ஏறக்குறைய காற்றின் எடைதான். எடை பார்த்தால் போதும் என்றேன். வாயுவை எப்படி எடை போடுவது என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது, நான் தோரணத்திலிருந்து பலூன்களை அவிழ்க்கச் சொன்னேன். ஒன்றில் கம்ப்ரஸர் காற்று, மற்ற இரண்டில் முதலாம், மூன்றாம் சிலிண்டர்களின் வாயு. மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று நூலால் சுற்றளந்தேன். ஃபோர்மேன் ஸ்டோர் ரூம் பரண் மீது ஏறி மூன்றையும் ஒன்றாக விட்டார்.

மூன்றாம் எண் பலூன் அவசர வேலை இருப்பதுபோல் நேராக இறங்கியது. முதலாம் எண்ணும் காற்றும் பேசிக்கொண்டே வருவதுபோல் சேர்ந்து வந்தன. மறுபடி செய்யச் சொன்னேன். இன்னொரு முறையும் செய்யச் சொன்னேன். "கொஞ்சம் பிஸினஸ் பாக்கலாமா சார்" என்று பரணிலிருந்து ஃபோர்மேன் குரல் கேட்டது.

பிறகுதான் வேலை நடந்தது. அதை வரிசையாகவே நடத்தினேன். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். சஸ்பென்ஷனை முழுக்கத் தாழ்த்தி, இன்ஜினை நிறுத்தி, எண்ணெய் அழுத்தத்தை வாளிக்குள் வடித்தோம். கருவியைப் பொருத்திப் பார்த்தால் இரண்டு குடுவைகளிலும் முள் எழுந்திருக்கவே இல்லை. நைட்ரஜன் என்று முடிவான முதலாம் சிலிண்டரைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். நிரம்பியதும் நான் காத்திருக்கச் சொன்னேன். சூடு ஆறினால் அழுத்தம் இறங்கும், இறங்கியதைத்தான் நம்ப வேண்டும். விற்பனை அலுவலர் வாசலுக்கும் டிராக்டருக்கும் நடந்து தரையைத் தேய்த்தார். முள் சற்று இறங்கியது, மீண்டும் ஏற்றினோம், சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இல்லை என்று பார்த்து மூடியைத் திருகினோம்.

தோட்டக்காரர் வந்தார். ஏறினார். முற்றத்தின் குழிகளில் ஒரு சுற்று, வேண்டுமென்றே இன்னொரு சுற்று. விற்பனை அலுவலர் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கியவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல ரீ. தூக்கம் வரும் போல" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டார்.

விற்பனை அலுவலர் என் அறைக்கு ஓடிவந்து ஸ்ரீராம்புரத்துக்கு ஃபோன் போட்டார். "மாமா, வித்துடுச்சு மாமா!" என்றவர், எதிர்ப்பக்கம் சொன்னதைக் கேட்டு முகம் சுருங்கி, ரிசீவரை என்னிடம் நீட்டினார். "பெரியவர் கிட்ட பேசணுமாம் சார்."

"நமஸ்காரம் ஐயா" என்றது அந்தக் குரல். "பையன் பர்மனென்ட் ஆயிட்டானா?"

நியமன ஆர்டர் கையில் வராமல் அப்படிச் சொல்லக் கூடாது என்பதுதான் முறை. வாயைத் திறந்தேன். எதிரே இருந்தவர் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆயிடுவார்" என்றேன்.

"ஆயிடுவார்னா? வாயால சொல்றதா, எழுதிக் குடுப்பீங்களா?"

அத்தனை வருட உத்தியோகத்தில் எனக்கு இணையாக ஒருவரைச் சந்தித்தது அன்றைக்குத்தான். முதலில் மேலிடத்துக்குப் பரிந்துரையை அனுப்பினேன். பிறகு, பரிந்துரை அனுப்பிவிட்டேன், ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி என்று நடந்ததை நடந்தபடி எழுதி, முத்திரை குத்தி, விற்பனை அலுவலர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். சாயங்காலமே மறுபடி ஃபோன் வந்தது. தேதி போட மறந்துவிட்டேனாம்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. சாப்பாடு சுமார்.