காபிக்கு ஒரு வியாழக்கிழமை

ஜெர்மனிக்குப் போன புதிதில், பக்கத்து வீட்டு அம்மா, "ஒருநாள் காபி குடிக்க வாருங்கள்" என்றார். அன்று சாயங்காலமே அரைக் கிலோ பால்கோவாவோடு போய் நின்றேன். கதவைப் பாதி திறந்தவர் உள்ளே போய் டைரியை எடுத்துவந்து, "அடுத்த வியாழக்கிழமை, நான்கு மணி" என்று எழுதிக்கொண்டார். பால்கோவாவை மட்டும் அன்றே வாங்கிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த வியாழக்கிழமை வரை அவர் முகத்தையே பார்க்கவில்லை.

மூன்று வருடம் கழித்து லீவில் ராஜபாளையத்துக்கு வந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையில் பள்ளித் தோழனைப் பார்த்தேன். இந்தக் கதையைச் சொன்னதும், "காபி குடிக்க முகூர்த்தமா குறிக்கிறாக?" என்று வயிறு வலிக்கச் சிரித்தான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். கிளம்பும்போது, "ராஜபாளையம் வந்தா வீட்டுக்கு வாலே" என்றேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் காலிங் பெல் அடித்தது. வாசலில் அவன் நின்றான். வா என்று சொல்வதற்கு முன்பே என் வாயிலிருந்து வந்துவிட்டது: "ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்லா?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியை நிதானமாக ஆற்றிக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் கேட்டான்: "சரிலே, அடுத்து எந்த வியாழக்கெழம வரட்டும்?"