கலைச்செல்வி இருமுறை ஓட்டிய கணக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து படி இறங்கும்போது கைப்பேசி அடித்தது. கலைச்செல்வியின் தம்பி முருகேசன். "தாஸ் அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே" என்றார். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அழுகைதான் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முந்தின நாள் மதியம் தலைவலி என்று ஆய்வுக்கூடத்திலிருந்து சீக்கிரம் கிளம்பினார். "மாத்திரை போட்டுட்டுப் படுங்க" என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். மூளையில் ரத்தக்கசிவாம். முப்பத்தெட்டு வயது.

முனைவர் கலைச்செல்வியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நன்னிலம் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவரைப் படிக்க வைத்தவர்கள். அவர்கள் தெருவில் முதல் முனைவர் அவர்தான். கடலோர ஊர்களில் நிலத்தடி நீருக்குள் உப்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கணிப்பது தஞ்சாவூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருடைய வேலை. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒன்பது ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். எங்களுக்கு அவர் கலா.

அவருடைய கணக்கு ஒன்று ஓடி முடியப் பதினொரு நாள் ஆகும். புதுக் கணினி கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஒருநாள், "அண்ணே, இதைக் கொஞ்சம் வெரட்ட முடியுமா?" என்று கேட்டார். பிராசஸரை அதற்கென்று நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவைக்கலாம். ஓவர்க்ளாக் என்பார்கள். செய்தேன். ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்தேன், நிற்காமல் ஓடியது. பதினொரு நாள் கணக்கு ஒன்பதே நாளில் முடிந்தது. அந்த வாரம் முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கணக்கின் விடையோடு ஒரு கடலோரக் கிராமத்துக்குப் போய், ஆழத்தில் இருக்கும் நல்ல தண்ணீர் இன்னும் பல வருடங்களுக்குக் கெடாது என்று விவசாயிகளிடம் கலைச்செல்வி சொல்லிவிட்டு வந்தார். அதை நம்பிச் சவரிமுத்து என்பவர் ஆழ்துளைக் கிணறு போட்டார்.

சில மாதங்களில் கணினி இரண்டு முறை திடீரென்று உறைந்து நின்றது. கரண்ட் கோளாறு என்றேன். கலைச்செல்வி என்னிடம் சொல்லாமல் பழைய கணக்கையே திரும்ப ஓட்டியிருக்கிறார். முடிந்த அன்று இரண்டு தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"அண்ணே, ஒரே கணக்கு. ரெண்டு விடை வருது."

"நடுவுல எதையாவது மாத்தியிருப்பீங்க."

"ஒரு புள்ளியைக்கூடத் தொடலைண்ணே."

அடுத்த நான்கு நாட்களை என்னால் மறக்க முடியாது. பத்து நிமிடத்தில் முடியும் சிறிய கணக்கு ஒன்றைத் தயார் செய்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதை இரண்டு முறை ஓட்டி விடைகளை ஒப்பிடுவார். நான் அவசரப்பட்டு நாலைந்தைச் சேர்த்துக் கழற்றப் போனால் தடுத்துவிடுவார். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தாண்ணே மாத்தணும். இல்லன்னா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது."

சூடாக இருக்குமோ என்று தூசி தட்டினோம். குளிர்விசிறியைக் கழற்றி, சூடு கடத்தும் பசையைப் புதிதாகத் தடவி மாட்டினோம். சூடு குறைந்தது, விடைகள் மட்டும் பொருந்தவில்லை. ரேம் அட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். மின்சாரம் தரும் பெட்டியையே மாற்றினோம். முதல் நாளே அவர், "வேகத்தைக் கூட்டுனதால இருக்குமாண்ணே?" என்று கேட்டிருந்தார். "அது டெஸ்ட்ல பாஸ் ஆயிருச்சு, அதுல சந்தேகமே வேணாம்" என்று அடித்துச் சொன்னேன். அந்த நான்கு நாட்களும் என் கர்வத்துக்காகக் கழிந்தவை. அவர் ஒருமுறைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

நான்காம் நாள் வேறு எதுவும் மிச்சமில்லை. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் வேகத்தை ஒரு படி இறக்கினேன். பத்து ஓட்டத்தில் மூன்றுதான் பிசகின. இன்னொரு படி இறக்கியதும் ஒன்றாகக் குறைந்தது. பழைய வேகத்துக்கே கொண்டுவந்ததும் பத்தும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக வந்தன. வேலை கனக்கும்போது பிராசஸருக்குப் போகும் வோல்டேஜ் ஒரு கணம் சரிந்திருக்கிறது, கணக்கில் ஏதோ ஓர் இலக்கம் பிறழ்ந்திருக்கிறது. அந்தக் கணமே கணினி நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அது தப்பான எண்ணைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்தி, வேகத்தைக் காப்பாத்திரலாம்" என்றேன், அப்போதும்.

"வேணாண்ணே. மெதுவாவே ஓடட்டும். இதை நம்பி அங்க ஆளுங்க இருக்காங்க."

பதினொரு நாள் காத்திருந்தோம். சரியான விடை வந்தது. சவரிமுத்துவின் ஊரில் ஆழத்துத் தண்ணீரும் சில வருடங்களிலேயே உப்பாகிவிடும்.

அன்றே பேராசிரியரிடம் போய், எட்டு மாத முடிவுகளையும் திரும்பப் பெற வேண்டும் என்று சொன்னார். அச்சுக்குப் போகவிருந்த கட்டுரை நின்றது. "ஊருக்குக் கடிதம் போட்டா போதும்" என்றார் பேராசிரியர். "நேர்ல போய்ச் சொன்னேன் சார். நேர்ல போய்த்தான் மறுக்கணும்" என்று என் வண்டியில் ஏறிவிட்டார்.

ஊர்ப் பொதுக் கட்டடத்தில் இருபது பேர் இருந்தார்கள். கலைச்செல்வி சொல்லி முடித்ததும் சவரிமுத்து எழுந்தார்.

"நீங்க சொன்னதை நம்பித்தானம்மா போர் போட்டேன்."

"ஆமாங்கய்யா. நான் சொன்னது தப்பு. ரெண்டாவது தடவை போட்டுப் பாக்காம உங்ககிட்ட வந்துட்டேன்."

"மெஷினுதான் தப்பு பண்ணிருச்சுங்கிறீங்களா?"

"மெஷினை நம்புனது நாந்தாங்கய்யா."

நான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். சவரிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கலைச்செல்வி கடைசி ஆள் கலையும் வரை நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் கேட்டேன்: "ஏன் என் பேரைச் சொல்லல?"

"சொன்னா அவரு போர்ல தண்ணி மாறிடுமாண்ணே? அதோட, வெரட்டுங்கன்னு கேட்டது நான்."

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை பேருந்து பிடித்துப் போய் அந்தக் கிணற்றின் தண்ணீரைச் சோதித்துவிட்டு வருவார். சவரிமுத்து முகம் கொடுத்துப் பேச மாட்டாராம். ஆனால் இவர் போய்ச் சேரும் நேரத்துக்கு மோட்டாரைப் போட்டு வைத்திருப்பாராம். இரண்டாம் கோடையில் ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். "நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சும்மா. கரிக்குது." கைப்பேசியை வைத்துவிட்டுக் கலைச்செல்வி மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். "இந்தக் கணக்காவது தப்பாப் போகட்டும்னு வேண்டிக்கிட்டே இருந்தேண்ணே" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

சவரிமுத்துவைப் போய்ப் பார்த்து, வேகத்தைக் கூட்டியது நான்தான் என்று சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன். அடுத்த மாதம் கலாவோடு போகலாம் என்று தள்ளிப்போட்டேன். இனி அவரோடு போக வழியில்லை. இங்கே எழுதிவிட்டேன். நேரிலும் போய்ச் சொல்வேன்.

திங்கள்கிழமை அடக்கம். மார்கழிப் பனி விலகியிருந்தது. அவர்கள் தெருவின் இடுகாட்டுக்குப் பாதை கிடையாது, வயல் வழியாகத்தான் போக வேண்டும். சம்பா பால் பிடித்து நின்றது. ஒற்றை ஆள் நடக்கிற வரப்பில் பாடையை எப்படிக் கொண்டுபோவது? முன்னால் இருவர், பின்னால் இருவர் என, வரப்பின் பக்கத்துக்கு ஒருவராக வயலில் இறங்கினோம். சேறு முழங்கால் வரை வந்தது.

"பயிரை மிதிச்சிராதீங்கய்யா" என்று பின்னாலிருந்து கலாவின் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

வயலுக்குச் சொந்தக்கார அம்மாள் எதிர் வரப்பில் நின்றிருந்தார். "மிதிபட்டா படட்டும் பெரியவரே. புள்ளையைப் பதறாமத் தூக்கிட்டுப் போங்க" என்று அவர் உரக்கச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அந்தத் தகப்பனுக்கு மட்டும் அது கேட்டதாகத் தெரியவில்லை. பாதி வயல் கடந்ததும் தோள் மாற்ற நின்றபோது திரும்பிப் பார்த்தேன். எங்கள் கால்பட்டுச் சாய்ந்த பயிரை அவர் குனிந்து குனிந்து, ஒவ்வொரு குத்தாக நிமிர்த்தி, அடியில் சேற்றை அணைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். நிமிர்த்தியவை மறுபடி சாய்ந்தன. அவர் மறுபடி குனிந்தார்.

போய் வாருங்கள், கலா.