மைக் முன்னால் வராத அழுகை

சாகசப் படத்தின் மூன்றாம் பாக முடிவில் வீரர் குழுவின் தலைவி இறந்தபோது, சிங்கப்பூர் ஈசூன் திரையரங்கில் ஓர் அக்கா, "ஐயோ, வேணாம்லா!" என்று கதறினார். படம் பார்த்து அழுபவர்களைப் பற்றிய என் பாலிடெக்னிக் இறுதியாண்டு ஒலிப்படைப்புக்கு இந்தக் குரல்தான் வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

வெளியே ஓடி அவரிடம் மைக்கை நீட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாய்மொழித் தேர்வுக்கு வந்த மாணவிபோல நிமிர்ந்தார். "இத்திரைப்படம் எனக்கு மிகுந்த மனநிறைவை அளித்தது."

"அக்கா, உள்ள கத்தின மாதிரியே பேசுங்க, ப்ளீஸ்!"

"ஐயோ தம்பி, என் தமிழ் டீச்சர் கேட்டா மானம் போயிடும்லா!"

மற்றவர்களும் மைக்கைக் கண்டதும் தேர்வுத் தமிழில்தான் பேசினார்கள். நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும்; கையில் ஒரு விம்மல்கூட இல்லை. இப்படியே போனால் தேறமாட்டேன்.

நாளை மதியக் காட்சிக்கு மைக்கைப் பையிலேயே வைத்திருப்பேன். முதலில் டிஷ்யூவை நீட்டி, நான் எங்கே அழுதேன் என்று சொல்வேன். பிறகுதான் பதிவு செய்யலாமா என்று கேட்பேன்.