மஞ்சள் சேலையும் என் நீல வாளியும்

ஈப்போ பக்கம், செமோரில் என் பக்கத்து வீட்டுப் பெண் தினேஸ்வரியைப் பற்றி எழுத எனக்குத்தான் முழுத் தகுதி. ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, மூணாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, இன்றைக்கு ஏழு லாரிக்கு முதலாளியாக இருக்கிற மாயாண்டி நான். என்னிடம் லேசில் யாரும் நல்ல பேர் வாங்க முடியாது. அவள் வாங்கினாள்.

ஈப்போவில் துணிக்கடையில் வேலைக்கு நின்றவள். கடை மூடினதும் வீட்டு ஹாலையே கடையாக்கி, ஃபேஸ்புக் லைவில் சேலை விற்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் விளக்கைப் போட்டுத் துணியை மின்ன வைப்பார்கள். இவளோ, "அக்கா, இந்தக் கரையில நூல் தொங்குது பாருங்க, புடிக்கலன்னா விட்டுடுங்க லா" என்பாள். விற்க வந்தவளே குறை சொல்வதைக் கேட்க தைப்பிங், ஹுத்தான் மெலிந்தாங் என்று எங்கிருந்தோ எல்லாம் ஆள் கூடும். எந்தச் சேலை வந்தாலும் முனையை நனைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் பார்த்த பிறகுதான் காட்டுவாள்.

தைப்பூசத்துக்கு வந்த மஞ்சள் சேலைகளில் மட்டும் சாயம் பார்க்காமல் கோட்டை விட்டுவிட்டாள். சாமிக்கு வேண்டிக்கொண்டு கட்டுகிற சேலை, வருசத்தில் ஒரு நாள்தானே, யார் துவைக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். பால்குடம் எடுக்கிறவர்கள் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடுதான் குடம் தூக்குவார்கள். இது அவளுக்குத் தெரியாதா? அவளே தூக்கியவள்தான். புத்தி அந்த நேரம் அங்கே போகவில்லை.

சேலையெல்லாம் ஆட்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஹுத்தான் மெலிந்தாங் முத்தம்மா, கூட்டத்துக்குப் பயந்து, தைப்பூசத்துக்கு முந்தின வாரமே தன் நேர்த்திக்கடனை முடித்தாள். அன்றைக்கே தினேஸ்வரியின் ஃபேஸ்புக் பக்கத்திலேயே முத்தம்மாவின் படம். கழுத்து, கை, கால் எல்லாம் மஞ்சள். கீழே எழுதியிருந்தாள்: "தினேசு, சேலை வாங்குனா மஞ்சக் குளியல் இலவசம்னு சொல்லவே இல்லையே லா?"

சிரித்தவர்கள் பாதி, திட்டியவர்கள் பாதி. தினேஸ்வரி போனும் கையுமாக என் கேட்டில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"மாமா, இனிமே என்னை யாரு நம்புவா?"

"அந்தப் படத்த அழிச்சுப் போடு. தைப்பூசம் முடிஞ்சா எல்லாரும் மறந்துடுவாங்க."

"மத்தவங்க இன்னும் கட்டல மாமா. கோயில்ல அத்தனை பேரும் மஞ்சளா நிக்கட்டும்னு வாய மூடிக்கிட்டு இருக்கவா?"

பெரிய பெரிய தவுக்கே முதலாளிகளையே பேச்சில் மடக்கியவன் நான். அவளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டேன்.

"சரி, என்ன வேணும் உனக்கு?"

"நீங்க லாரி கழுவுற வாளி."

வெள்ளை பாஜு சட்டை போட்டு, அதன் மேல் அதே மஞ்சள் சேலையைச் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். லைவ் போட்டுப் போனை நான் பிடித்தேன். லாரி ஸ்டியரிங் பிடித்த கை, துளி ஆடவில்லை. என் வீட்டுக்காரி இருளாயி வாளியைத் தூக்கினாள்.

"சளி புடிக்கும்டி."

"புடிக்கட்டும் அத்தே, ஊத்துங்க."

ஊற்றினாள். வெள்ளை பாஜு எங்கள் கண் முன்னாலேயே மஞ்சளாகிப் போனது. தினேஸ்வரி முகத்தை வழித்துக்கொண்டு சொன்னாள்: "முத்தம்மாக்கா சொன்னது உண்மை. தண்ணியில போட்டுப் பாக்காம வித்தது நான். சரக்கு குடுத்தவங்கள குறை சொல்ல மாட்டேன். வாங்குன யாரும் இதக் கட்டாதீங்க. காசு கேட்டா காசு, வேற சேலை கேட்டா சேலை."

"எல்லாம் நாடகம்" என்று ஒருத்தி எழுதினாள். முத்தம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், அவள் எழுதினாள்: "முதுகுப் பக்கம் நனையல. திரும்பு."

பிள்ளை மறுபேச்சு பேசாமல் திரும்பினாள். இருளாயி இன்னொரு வாளி ஊற்றினாள்.

மாற்றுச் சேலைகளை ஒவ்வொன்றாக நனைத்து என் வேலியில்தான் காயப் போட்டாள். தைப்பிங் பக்கம் போனதெல்லாம் என் லாரியில், கூலி இல்லாமல். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் யாரும் உடம்பெல்லாம் மஞ்சளாக நிற்கவில்லை. நானே போய்ப் பார்த்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு அவள் லைவில் கூட்டம் வந்ததே தவிர, யாரும் வாங்கவில்லை. வாராவாரம் சிரித்துக்கொண்டே சேலை காட்டுவாள், அப்புறம் சத்தமில்லாமல் மடித்து வைப்பாள். பங்குனி உத்திரம் நெருங்கியதும் மறுபடி மஞ்சள் சேலை எடுத்தாள். "அக்காமாரே, இந்தத் தடவை..." என்று ஆரம்பித்ததுதான், முத்தம்மா எழுதினாள்: "பேச்சு போதும் லா. வாளி எங்க?"

வாளி வந்தது. முன்னால் ஒன்று, முதுகில் ஒன்று. பாஜு வெள்ளையாகவே இருந்தது.

முத்தம்மாதான் முதலில் எழுதினாள்: "எனக்கு ஒண்ணு, என் நாத்தனாருக்கு ஒண்ணு. அவ நான் சொன்னா நம்ப மாட்டா, நீ நனைஞ்சதப் பாத்துட்டுத்தான் கேக்குறா."

அதற்குப் பின்னால் மளமளவென்று வந்த ஆர்டரை வாசிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

லாரி கழுவ நான் வேறு வாளி வாங்கிவிட்டேன். தினேஸ்வரியின் லைவில் ஓரமாகத் தெரிகிற நீல வாளி யாருடையது என்று கேட்கிறவர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.