வரவேண்டியவர்களின் பெயர்களை வாசித்தவர்

“அப்பா போயிட்டாங்க டீச்சர். இன்னைக்கிக் காலையில, டிக்கோயா ஆஸ்பத்திரியில.”

சவரிமுத்து உபதேசியாரின் மகள் ஸ்டெல்லா தொலைபேசியில் இதைச் சொன்னபோது, யாழ்ப்பாணத்தில் என் வீட்டு மேசையில் நத்தார் பலகாரம் ஆறிக்கொண்டிருந்தது. கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் நான்கு வாரத் திருவருகைக் காலத்தில், மூன்றாம் ஞாயிறு கழிந்த வியாழக்கிழமை அது. சனிக்கிழமை அடக்கம் என்றாள். “வருவீங்களா?” என்று கேட்டாள். வருவேன் என்றேன். அந்த ஒரு மாதத்தில் அந்த வீட்டுக்கு நான் சொன்ன நான்காவது ‘வருவேன்’ அது.

மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரை அறியாதவர்கள் இல்லை. வெளியில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டியவர். பங்குத்தந்தை மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே உள்ள சிறிய கோயிலில் வாசகம் வாசிப்பதும் செபம் சொல்வதும் பிரசங்கம் வைப்பதும் சவரிமுத்துதான். தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியையாக வந்த நான் அங்கே பத்தொன்பது வருடம் இருந்தேன். என் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு முதல் ஞாயிறே சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

திருவருகைக் காலம் தொடங்கும் வாரத்தில் அவர் லயம் லயமாகப் போவார். ஒவ்வொரு கதவிலும் ஒரே கேள்வி. “பாலன் வர்றது இருக்கட்டும். ஒங்க வீட்டுக்கு யாரு வரணும்?” நான் அங்கே ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்த வருடம்தான் அவர் அதைத் தொடங்கியிருந்தார். முதலில் சிரித்தவர்கள் பிறகு சொன்னார்கள். கொழும்புக் கடையில் நிற்கும் மகன், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன மகள், கோபித்துக்கொண்டு போன புருஷன். கோயிலுக்கு வராத இந்துக் குடும்பங்களும் பெயர் கொடுத்தன. கொப்பித் தாளில் எழுதி, நான்கு ஞாயிறும் மன்றாட்டு நேரத்தில் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் பின் நாங்கள் “வாங்க” என்று சொல்ல வேண்டும். கடைசியில் அதே மூச்சில் “ஆண்டவரே, வாரும்” என்று முடிப்போம்.

அந்த முதல் வருடம் ஒருவன் வந்தான். கொழும்பில் பலசரக்குக் கடையில் நின்று, மூன்று வருடமாகச் சேதி இல்லாமல் இருந்த பையன். நத்தார் காலையில் கோயில் வாசலில் நின்றான். அவனுடைய அம்மா அவனை அடிக்கவும் செய்தாள், பிடித்துக்கொள்ளவும் செய்தாள். அன்றைக்கு உபதேசியாரின் பிரசங்கம் இவ்வளவுதான்: “ஒருத்தன் வந்துட்டான். மத்தவங்களும் வருவாங்க. உக்காருங்க.” அவர் அதை நம்பினார். நாங்களும் நம்பினோம்.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. பட்டியல் நீண்டது. அழிக்கப்பட்ட பெயர்கள் மிகச் சில.

லயத்தில் இருந்த ஆரோக்கியம் என்பவளின் மகள் ராணி அந்தப் பட்டியலில் ஐந்து வருடம் இருந்தாள். வளைகுடா நாடொன்றில் வேலை. முதல் இரண்டு வருடம் பேசினாள். பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. ஏஜென்சிக்காரர் எண்ணை மாற்றிக்கொண்டார். உபதேசியார் ஆரோக்கியத்தைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினார். தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினார். ஒரு வருடம் மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை ராணி பெட்டியில் வந்தாள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து இறங்கும்போது ஆரோக்கியம் அவர் பக்கத்தில் வந்தாள். நான் ஓரடி பின்னால் நடந்தேன். அழுத குரல் இல்லை அது.

“உபதேசியாரே, ஞாயித்துக்கெழம ராணி பேர வாசிக்காதீங்க.”

“சரி ஆரோக்கியம்.”

“அதான் வந்துட்டாளே.”

அவர் நின்றுவிட்டார். அவள் மட்டும் நடந்து போனாள்.

அந்த ஞாயிறு திருவருகைக் காலத்தின் மகிழ்ச்சி ஞாயிறு. ரோஸ் நிற மெழுகுதிரியை ஏற்றிவிட்டுப் பட்டியலை எடுத்தார். ராணியின் பெயர் வரும் இடம்வரை வாசித்தார். அதற்கு மேல் வாய் எழவில்லை. பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “வீட்டுக்குப் போங்க” என்றார். நாங்கள் ‘ஆண்டவரே, வாரும்’ சொல்லாமல் எழுந்து போன ஒரே ஞாயிறு அது.

அடுத்த வருடம் கேள்வி கேட்டு அவர் லயத்துக்குப் போகவில்லை. பழைய தாளையே வாசித்தார். புதிதாக வந்திருந்த இளம் பங்குத்தந்தைக்கு அது பிடிக்கவில்லை. “இது நம்பிக்கையின் காலம் உபதேசியார், சந்தோசமா ஏதாவது சொல்லுங்க” என்றார். சவரிமுத்து மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “சாமி, சந்தோசம் வந்தா நான் சொல்லாமலே இவங்களுக்குத் தெரிஞ்சிரும்.”

ஹட்டன் கடைத்தெருவில் இப்போது நவம்பரிலேயே நட்சத்திரம் தொங்குகிறது, பாட்டுப் போடுகிறார்கள். காத்திருக்க வேண்டிய நான்கு வாரத்தையும் நாமே கொண்டாட்டமாக்கி முடித்துவிடுகிறோம் என்று ஒருமுறை அவரிடம் குறைப்பட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “பாட்டு போட்டாப் போடட்டும் டீச்சர். காத்திருக்கிறவங்களுக்கு அது கேக்காது” என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: “எனக்கு நம்பிக்க போயிருச்சு. சாமிகிட்ட சொல்லீராதீங்க. காத்திருக்க மட்டுந்தான் தெரியுது. அது பழகிப்போச்சு, அதனால விட முடியல.”

எனக்கு இடமாற்றம் கிடைத்தது. மூன்று வருடமாக யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். இந்த நவம்பர் கடைசியில் அவருக்கு நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று ஸ்டெல்லா சொன்னாள். “முதலாம் ஞாயிறு வாறன்” என்றேன். பரீட்சைத் தாள் திருத்தம் வந்தது. “அடுத்த ஞாயிறு கட்டாயம் வாறன்” என்றேன். மழையில் பாதை மோசம் என்றார்கள். அப்போது அவரே தொலைபேசியை வாங்கி, இழுத்து இழுத்துப் பேசினார். “அவசரமில்ல டீச்சர். நாலு ஞாயிறு இருக்கு.” மூன்றாம் ஞாயிறுக்கும் வருவதாகச் சொன்னேன். அன்று தங்கையின் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பயற்றம் பணியாரம் சுட்டோம். நான் போகாததற்கு வேறு காரணம் இல்லை.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். கோயில் நிறைந்திருந்தது. அவர் அசையாத நம்பிக்கையோடு ஆண்டவரின் வருகைக்காகக் காத்திருந்து மறைந்தார் என்று பங்குத்தந்தை பிரசங்கத்தில் சொன்னார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் எழுந்து மறுக்கவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு இப்போது சொல்கிறேன்: அது உண்மையல்ல. நம்பிக்கை இல்லாமல்தான் அவர் அந்த மெழுகுதிரிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அதை நமக்குக் காட்டாமல் இருக்க அவர் பட்ட பாட்டை, நம்பிக்கை என்று பெயர் வைத்து நாம் இலேசாக்கிவிடக் கூடாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஆறுதல் அல்ல. யாரிடமும் ‘எல்லாம் சரியாயிடும்’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கல்லறைப் பாதையில் ஆரோக்கியத்திடமும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதபோது சும்மா நிற்கத் தெரிந்த மனிதர். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்டெல்லா லயத்து மூலைவரை பின்னால் வந்தாள்.

“ஆண்டுத் திவசத்துக்கு வருவீங்களா டீச்சர்?”

வழக்கமான சொல் நாக்குவரை வந்தது.

“தெரியேல்லை ஸ்டெல்லா” என்றேன்.

அவள் முகத்தில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

“பாத்து எறங்குங்க. படி வழுக்கும்” என்றாள்.