விபூதி சரி... விரல்?

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நோயாளியாக அல்ல — நோயாளியைப் பார்க்க. ஆஸ்பத்திரியில் இந்த இரண்டாவது ரகம்தான் ஆபத்தானது என்று எனக்கு அப்போது தெரியாது.

என் மனைவியின் தம்பி செல்வராசுவுக்குக் காலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு, புண் ஆறவே இல்லை. எந்த அன்டிபயோட்டிக்குக்கும் மசியாத கிருமியாம். வார்டின் கோடியில் தனிக் கட்டில். 'தொட வேண்டாம், கை கழுவவும்' என்று மும்மொழியிலும் அறிவிப்பு. மூன்றையும் வாசித்தேன். மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"கிட்ட வராதீங்க மச்சான்," என்றான்.

"நமக்குள்ள என்னடா?" என்று சொல்லி, நமுனுகுலத் தோட்டத்துக் கோயில் விபூதியை அவன் நெற்றியில் பூசினேன். காலில் நழுவியிருந்த பண்டேஜையும் சரிசெய்தேன்.

அத்தோடு திரும்பியிருக்கலாம்... முடியுமா? நம் ஆட்கள் சொந்த நோயாளியை மட்டும் பார்த்துவிட்டு வருவதில்லையே. கட்டில் கட்டிலாக நின்று விசாரிக்க வேண்டும். இல்லாவிட்டால், பத்திரிகையில் எழுதுகிற திமிர் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேசுவார்கள்.

அடுத்த கட்டிலில் பூனாகலைத் தோட்டத்து முத்தையா அண்ணன். மறுநாள் அவருக்குக் குடலிறக்க ஒபரேஷன். பல மாதமாகக் காத்திருந்து கிடைத்த திகதி. கூட இருப்பதற்காக மகள் கொழும்பு கார்மென்ட்ஸில் கெஞ்சி லீவு வாங்கி வந்திருந்தாள். என் கையில் விபூதியைக் கண்டதும் அவர் நெற்றியை நீட்டினார். பூசினேன்.

"ஐயா, நில்லுங்க." நர்ஸ் மிஸ். "கை கழுவினீங்களா?"

"சாமி விபூதி, மிஸ்."

"விபூதி சரி. விரல்?"

விரலைப் பார்த்தேன். சுத்தம் சுகாதாரம் என்று இதே பத்தியில் நாட்டுக்கே புத்தி சொன்ன விரல்!

டொக்டர் வந்தார். முத்தையா அண்ணனிடம் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை ஒபரேஷன் இல்லை என்றார்கள். மகள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் மட்டும், "பரவால்லைங்க, நல்ல மனசோடதான பூசினீங்க," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கிருமி பரவுவதற்குப் பகையாளி எதற்கு? பாசக்காரன் ஒருவன் போதும்.

நேற்று ரிப்போர்ட் வந்தது — கிருமி இல்லை. நாளைக்கு ஒபரேஷன். ஆனால் மகளின் லீவு முடிந்து, அவள் கொழும்புக்குப் போய்விட்டாள். துணைக்கு நான் வரட்டுமா என்று முத்தையா அண்ணனிடம் போனில் கேட்டேன்.

"வாங்க... ஆனா வாசலோட இருங்க."