கறி வாங்காத மாதம்

மனைவிக்கு யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது. ஒரு மாதத்துக்குக் கறி வேண்டாம் என்றார் டாக்டர். அவள் முன்னால் நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? நானும் நிறுத்திவிட்டேன்.

இன்று காந்திபுரத்தில் காய் வாங்கும்போது, நாங்கள் வழக்கமாகக் கோழி வாங்கும் கடைக்கார அக்கா எதிரே வந்தார்.

"ஏனுங்க, வேற கடைக்குப் போயிட்டீங்களா? எங்க கறி நல்லா இல்லீங்களா?"

முகம் வாடியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"அட, அம்மணிக்காகவா! எனக்கு டாக்டர் கறி வேண்டாம்னப்ப, எங்கூட்டுக்காரரு என் முன்னாடியே உக்காந்து கோழிக்கால் கடிச்சாருங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"சொல்லலீங்க. ஊட்டுக்குக் கறி கொண்டுபோறதையே நிறுத்திப்போட்டேன்."

கடை நிறையக் கோழி இருந்தும் அந்த மனிதருக்கு இன்றுவரை வீட்டில் ரசம் சாதம்தானாம்.

உங்கள் வீட்டில் எப்படி? பத்தியம் ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா?